மெட்ரோனோமிக்கா, கைகான் கேம்ஸா?

செந்தூலில் இருக்கும் அக்கா மகன் கேம் உருவாக்கும் படிப்பை முடித்திருக்கிறான். "எந்த ஸ்டூடியோ மாதிரி ஆரம்பிக்கலாம் மாமா?" என்று கேட்டான். என் மனதில் வந்தவை மெட்ரோனோமிக், கைகான் கேம்ஸ். இரண்டுமே கேம் உருவாக்கும் நம் மலேசிய ஸ்டூடியோக்கள், ஆனால் வந்த வழி வேறு.

மெட்ரோனோமிக் 2017இல் கோலாலம்பூரில் பிறந்தது. ஜப்பானில் 'ஃபைனல் ஃபேன்டஸி 15' என்ற கேமின் தலைமை வடிவமைப்பாளர்களில் ஒருவராக இருந்த வான் ஹஸ்மர், ஊர் திரும்பி உறவினர் டைம் ஜியாவுதீனுடன் தொடங்கினார். 2020இல் வந்த அவர்களுடைய முதல் கேம் 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' முழுக்க முப்பரிமாணம். எதிரிகள் பாட்டின் தாளத்துக்கே தாக்குவார்கள். கண்ணைவிடக் காது முக்கியம். முதல் கேமையே பிளேஸ்டேஷன் போன்ற கன்சோலுக்குக் கொண்டுபோன துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கைகான் வேறு மாதிரி. 2017இல் வந்த அவர்களுடைய 'சிமுலாக்ரா' என்ற திகில் கேமில் ஓடவோ சுடவோ வேண்டாம். காணாமல்போன அன்னாவின் கைப்பேசி உங்களிடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். அவளுடைய குறுஞ்செய்தி, மின்னஞ்சல், புகைப்படம் என்று ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். வீடியோக்களில் நிஜ நடிகர்கள். இரவில் என் போனிலேயே விளையாடினேன். யாரோ ஒருவருடைய அந்தரங்கத்தைத் தொட்ட மாதிரி கை கூசியது. பெரிய உலகம் கட்டும் செலவில்லை, பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதே யோசனையிலிருந்து அடுத்தடுத்த பாகங்களும் வந்தன.

அக்கா மகனிடம் இருப்பது ஒரு லேப்டாப்பும் நடிக்கத் தெரிந்த நான்கு நண்பர்களும். அதனால் கைகான் வழியைத்தான் சொன்னேன். தாளம் நன்றாக வரும் பையன், உறுமி அடிப்பான்; மெட்ரோனோமிக் மாதிரி தாள கேம் செய்யும் ஆசை அப்புறம்.