அயர்லாந்தின் முதல் மேலவை உறுப்பினர் பதவி: ஆண்டுக்கு 360 பவுண்ட், வீட்டுக்கு உத்தரவாதமில்லை

1922 டிசம்பர் 6 அன்று ஐரிஷ் சுதந்திர அரசு பிறந்தது. ஐந்தாவது நாளே டப்ளினில் அதன் மேலவை கூடிவிட்டது. மொத்தம் 60 இடம், எல்லாருக்கும் ஒரே சம்பளம், ஒரே வாக்கு. ஆனால் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தீர்கள் என்பதைப் பொறுத்துப் பதவியின் ஆயுள் அடியோடு மாறும். இதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள்தான் பிறகு வருந்தினார்கள். ஆகவே முதலில் அந்தக் கணக்கு.

முப்பது பேரை நிர்வாகக் குழுவின் (அதாவது அமைச்சரவையின்) தலைவர் காஸ்கிரேவ் நியமித்தார். அவர்களுக்குள் சீட்டுக் குலுக்கி, பதினைந்து பேருக்கு 12 ஆண்டு, மற்றவர்களுக்கு 6 ஆண்டு என்று பிரித்தார்கள். மீதி முப்பது பேரைக் கீழவையான டாயில் விகிதாசார முறையில் தேர்ந்தெடுத்தது. அதில் முதலில் தேறிய பதினைந்து பேருக்கு 9 ஆண்டு, பின்னால் தேறியவர்களுக்கு 3. கவனியுங்கள்: வாக்குப் பெற்று வந்தவர்களில் பாதிப் பேர் மூன்றே ஆண்டில் மறுபடி தேர்தலைச் சந்திக்க வேண்டும். நியமனத்தில் வந்தவருக்கோ குறைந்தது ஆறாண்டு நிச்சயம். இது கவனக்குறைவில் நேர்ந்தது அல்ல. பிரிட்டனோடு இணைந்திருக்கவே விரும்பிய தெற்கத்திய யூனியனிஸ்டுகளுக்குப் புதிய நாட்டில் இடமுண்டு என்று ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார்கள். தேர்தலில் நின்றால் அவர்களில் பலர் கரையேற மாட்டார்கள். அதனால் நியமன வாசலையே அகலமாக வைத்தார்கள்.

ஐந்தாவதாக ஒரு ரகமும் உண்டு. அதை வாங்க வேண்டாம். யாராவது இறந்தாலோ விலகினாலோ அந்த இடத்தை மேலவையே வாக்கெடுத்து நிரப்பும். ஆனால் அப்படி வந்தவரின் பதவி, விலகியவருக்கு எத்தனை ஆண்டு மீதியிருந்தாலும், மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மேலவைத் தேர்தல்களில் அடுத்தது வரை மட்டுமே செல்லும். கேலிக் மொழி இயக்கத்தின் தலைமகன் டக்ளஸ் ஹைட் 1925 தொடக்கத்தில் இப்படித்தான் உள்ளே வந்தார். அந்த செப்டம்பரிலேயே தேர்தலில் தோற்று வெளியேறினார். (1938இல் அவரே அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவர் ஆனது தனிக்கதை.)

தகுதி விஷயம் சுருக்கமானது. வயது 35 நிறைந்திருக்க வேண்டும். டாயிலில் உறுப்பினராக இருக்கக் கூடாது. நாட்டுக்குப் பயனுள்ள பொதுத்தொண்டு செய்தவர் அல்லது தனித்திறமையால் நாட்டு வாழ்வின் முக்கியமான ஒரு பகுதிக்குப் பிரதிநிதியாகக் கூடியவர் என்று சொல்லும்படி இருக்க வேண்டும். நம் மாநிலங்களவையின் 12 நியமன இடங்களுக்கான வாசகத்தைப் படித்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட குரலாக இருக்கும். கடைசியாக, அரசியல் சட்டத்துக்கு விசுவாசமும் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு நேர்மையும் காட்டுவதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். மன்னரே வேண்டாம், முழுக் குடியரசு வேண்டும் என்ற குடியரசுவாதிகள் வாசலிலேயே நின்றுவிட்டது இந்தப் படியில்தான். உள்நாட்டுப் போரே இதைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தது.

சம்பளம் ஆண்டுக்கு 360 பவுண்ட், மாதம் 30. கீழவையினருக்கும் அதே தொகைதான். கவிஞர் யேட்ஸ் போன்றவருக்கு அது கையில் தங்கும் வருமானம். பிரபுக்களுக்குச் செலவோடு செலவு. சகவாசத்துக்கு முழு மதிப்பெண் தரலாம்: கத்தோலிக்கர் 36, புராட்டஸ்டன்ட் 20, குவேக்கர் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினர் 3, யூதர் ஒருவர். அந்த ஒருவர் டெசார்ட் சீமாட்டி. அவரையும் சேர்த்துப் பெண்கள் நால்வர். அவைத்தலைவர் கிளெனவி பிரபு, பிரிட்டிஷ் ஆட்சியில் அயர்லாந்தின் சான்சலராக, அதாவது நீதித்துறையின் உச்சப் பதவியில், இருந்த பழுத்த வழக்கறிஞர். விதிமுறையில் பிசகமாட்டார்.

இனி ஆபத்து. விளம்பரத்தில் வராத பகுதி இது. 1922 நவம்பர் இறுதியில், சுதந்திர அரசை உருவாக்கிய பிரிட்டனுடனான ஒப்பந்தத்தை எதிர்த்த குடியரசுப் படையின் தலைமைத் தளபதி லியம் லின்ச் பிறப்பித்த உத்தரவுகளின் தொடர்ச்சியாக, மேலவை உறுப்பினர்களின் வீடுகள் எரிக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் ஏறின. 1923இன் முதல் சில மாதங்களில் 37 வீடுகள் சேதமாயின. மேயோ பிரபுவின் பாமர்ஸ்டவுன் மாளிகை ஜனவரி 29 அன்று எரிந்தது. கூட்டுறவு இயக்கத்தின் தந்தை ஹோரஸ் பிளங்கெட் அமெரிக்காவில் இருந்தபோது, ஃபாக்ஸ்ராக்கில் இருந்த அவருடைய கில்டெரா வீட்டுக்கு முதலில் குண்டு, பிறகு தீ. அவர் பதவியை விட்டு இங்கிலாந்துக்கே குடிபோய்விட்டார்.

வீடு உங்கள் பெயரில் இல்லை என்பதும் பாதுகாப்பாகாது. மேயோ மாவட்டத்து மூர் ஹால், மேலவை உறுப்பினர் மோரிஸ் மூருடையது அல்ல. அண்ணன், நாவலாசிரியர் ஜார்ஜ் மூருடையது. தம்பியின் பதவிக்காக பிப்ரவரி 1 அன்று அது சாம்பலானது. இன்றும் ஏரிக்கரையில் கூரையில்லாச் சுவராகவே நிற்கிறது. 1923இல் சொத்துச் சேத இழப்பீட்டுச் சட்டம் வந்தது உண்மைதான். ஆனால் பணத்தைத் தரும்போது அதே இடத்தில் மறுபடி கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம். பாதிப் பேருக்கு அங்கே திரும்பிப் போக மனமே இல்லாத நேரம் அது.

ஆள்கடத்தலும் உண்டு. காது, மூக்கு, தொண்டை மருத்துவரும் கவிஞருமான ஆலிவர் கோகர்ட்டியை ஜனவரி 12 அன்று அவர் வீட்டுக் குளியலறையிலிருந்தே பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் லிஃபி ஆற்றில் குதித்து நீந்தித் தப்பினார்; உயிர் காத்த ஆற்றுக்குப் பிறகு அன்னப் பறவைகள் காணிக்கை கொடுத்தார். கான்னமாராவில் இருந்த அவருடைய ரென்வைல் வீடும் தப்பவில்லை. ரயில்வே நிர்வாகி ஜான் பாக்வெலுக்கு இரண்டும் ஒரே மாதத்தில்: முதலில் மார்ல்ஃபீல்ட் வீடு எரிந்தது, மாத இறுதியில் ஆளையும் கடத்தினார்கள். டப்ளின் நகரத்துக்குள் வாடகை வீட்டில் இருப்பவர், கிராமத்தில் பெரிய மாளிகையும் நூலகமும் வைத்திருப்பவர் இருவருக்கும் இந்தப் பதவி ஒன்றல்ல. இரண்டாமவர் ஏற்பதற்கு முன் ஓவியங்களையும் கடிதங்களையும் வேறிடம் அனுப்பிவிடுவது நல்லது.

அதிகாரம்? ஏட்டில் சிறிது, கையாளத் தெரிந்தால் கொஞ்சம் கூடுதல். சாதாரண மசோதாவை 270 நாள் தள்ளிப்போடலாம். அதற்குப் பிறகு உங்கள் சம்மதம் இல்லாமலே அது சட்டமாகும். நிதி மசோதாவுக்கு 21 நாள், அதுவும் பரிந்துரை சொல்ல மட்டுமே. எது நிதி மசோதா என்று சான்று கொடுப்பவர் கீழவையின் தலைவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றாவதாக ஒரு ஆயுதம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது: மேலவையின் பெரும்பான்மை கேட்டால் மசோதாவை 90 நாள் நிறுத்தலாம். அதற்குள் ஐந்தில் மூன்று பங்கு உறுப்பினர்கள் ஒப்பினால் மக்கள் வாக்கெடுப்புக்கே அனுப்பலாம். ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. 1928இல் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள்.

270 நாள் எதற்குப் பயன்படும் என்பதற்கு நல்ல சோதனை 1925 இறுதியில் வந்தது. அரசுப்பணித் தேர்வுகளில் பெண்களை விலக்க அரசுக்கு வழிசெய்யும் மசோதா அது. ஜென்னி வைஸ் பவரும் ஐலீன் காஸ்டெல்லோவும் அதைக் கடுமையாக எதிர்த்துப் பேச, மேலவை நிராகரித்தது. கெடு முடிந்ததும் 1926இல் அது சட்டமாகவே ஆனது. அதாவது நிறுத்தும் கருவியாக இந்தப் பதவி தோல்வி. அமைச்சர்கள் அவசரத்தில் எழுதியதை வரிவரியாகத் திருத்தும் கருவியாக மட்டுமே வெற்றி. அந்த வேலைக்குப் பொறுமை வேண்டும், பெயர் கிடைக்காது. யேட்ஸ் பேரெடுத்தது வேறு வழியில்: 1925 ஜூனில் மணவிலக்குக்கு ஆதரவான பேச்சு, பிறகு நாணயக் குழுவின் தலைமை. குதிரை, சால்மன் மீன், கோழி பொறித்த 1928ஆம் ஆண்டு நாணயங்கள் அந்தக் குழுவின் கைவேலை. மந்திரி ஆசை இருந்தால் 1929 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை நிர்வாகக் குழுவில் மேலவையினருக்கு இடமே கிடையாது.

புதுப்பித்தல்தான் இந்தப் பதவியின் மிக மோசமான பாகம். 1925 செப்டம்பர் 17 தேர்தலில் காலி இடம் 19. மூன்றாண்டுக்காரர் 15, இடையில் வந்தவர் 4. டாயில் முன்மொழிந்தது 38 பெயர், மேலவை முன்மொழிந்தது 19 பெயர், பதவியில் இருந்தவர்கள் 19. ஆக வாக்குச்சீட்டில் 76 பெயர். நாடு முழுவதும் ஒரே தொகுதி. வாக்காளருக்கு வயது 30 ஆகியிருக்க வேண்டும். விருப்ப வரிசைப்படி எண்ணிட வேண்டும். முன்பின் கேள்விப்படாத எழுபது பெயருக்கு யார் வரிசை போடுவார்கள்? குடியரசுவாதிகள் புறக்கணித்தார்கள், மற்றவர்களும் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தார்கள். வாக்களித்தது நாலில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. நாடு தழுவிய பிரசாரத்துக்குக் கையில் காசும் ஊர்தோறும் ஆளும் இல்லாதவர் வெறும் புகழை நம்பி நிற்க முடியாது என்பதற்கு ஹைட்டின் தோல்வியே போதும்.

1928இல் பதவியைச் சீரமைத்தார்கள்: நேரடித் தேர்தல் ஒழிந்தது, இரு அவையினரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள், காலம் 12இலிருந்து 9 ஆண்டானது, வயது 30 ஆனது, தடுக்கும் காலம் ஏறக்குறைய இருபது மாதமாக நீண்டது. வசதி கூடியது; ஆனால் அந்த நீண்ட தடைதான் பின்னால் வினையானது. 1932இல் ஆட்சிக்கு வந்த டி வலேராவின் மசோதாக்களை மேலவை ஒவ்வொன்றாக மறித்தது. 1934இல் அரசியல் அமைப்புகள் சீருடை அணிவதைத் தடுக்கும் மசோதாவை நிராகரித்ததும் அவர் மேலவையையே கலைக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அதையும் மேலவை மறித்தது. கெடு முடிந்ததும் 1936 மே 29 அன்று அவை இல்லாமல் போயிற்று. 1934 தேர்தலில் ஒன்பதாண்டுக் கணக்கில் பதவி பெற்றவர்களுக்கு இரண்டாண்டுகூட முழுதாகக் கிடைக்கவில்லை.