நியூயார்க்கில் நல்ல பேகலும் லாக்ஸும்: எந்தக் கடையில் எதை வாங்கலாம்?

நியூயார்க்கில் பேகல் கிடைக்காத தெரு இல்லை. ஆனால் நல்ல பேகலும் நல்ல லாக்ஸும் ஒரே கடையில் அமைவது அபூர்வம். இரண்டும் வேறு வேறு தொழில். ஒன்றுக்கு மாவும் அடுப்பும் கைவர வேண்டும், இன்னொன்றுக்கு மீனும் கத்தியும். பேகல் கடைகள் பலவும் முன்கூட்டியே அறுத்துப் பொட்டலம் கட்டிய மீனை வாங்கி வைக்கின்றன. மீன் கடைகள் பலவும் பேகலை வெளியிலிருந்து வரவழைக்கின்றன. அதனால் "ஊரிலேயே சிறந்த கடை எது" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் வரும். மீனுக்குத் தனியாக, பேகலுக்குத் தனியாகப் பார்த்தால் தெளிவு கிடைக்கும்.

பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. பேகல் வளைய வடிவ ரொட்டி. முதலில் கொதிநீரில் போட்டு எடுத்து, அதன் பிறகு அடுப்பில் சுடுவார்கள். அதைக் குறுக்கே வெட்டி, க்ரீம் சீஸ் தடவி, லாக்ஸ் எனப்படும் பதப்படுத்திய சால்மன் மீனின் மெல்லிய துண்டுகளை விரித்து, வெங்காயம், தக்காளி, கேப்பர்ஸ் (ஊறுகாயாகப் போட்ட பூமொட்டு) வைத்தால் நியூயார்க் யூதக் குடும்பங்களின் ஞாயிறு காலை உணவு. யூதர்களின் உணவு நெறியில் இறைச்சியும் பாலும் சேரக்கூடாது. மீனும் பாலும் சேரலாம். அதனால் இறைச்சி விற்கும் டெலி ஒரு பக்கமும், புகையூட்டிய மீனும் பால் பொருள்களும் விற்கும் ‘அப்பிடைசிங்’ கடை இன்னொரு பக்கமுமாக வளர்ந்தன. லாக்ஸுக்குப் போக வேண்டியது இந்த இரண்டாவது வகைக் கடைக்கு.

அங்கே போய் ‘லாக்ஸ்’ என்று மட்டும் சொல்லாமல் எந்த வகை என்றும் சொல்லுங்கள். பழைய முறை லாக்ஸ், சால்மனின் கொழுத்த வயிற்றுப் பகுதியை உப்புநீரில் ஊறவைத்தது, புகையே படாதது. பெல்லி லாக்ஸ் என்று கேட்டால் அதைத் தருவார்கள். கருவாட்டு ருசி தெரிந்த நாக்குக்கு அந்த உப்பு புதிதல்ல, ஆனால் மற்றவர்களுக்குச் சுருக்கென்று ஏறும். இன்று பெரும்பாலோர் லாக்ஸ் என்று சாப்பிடுவது நோவா. குறைந்த உப்பில் ஊறவைத்து, மீன் வெந்துவிடாதபடி குளிர்ந்த புகையில் வைத்து எடுப்பது. முதல் தடவை போகிறவர்கள் நோவா வாங்குங்கள். இரண்டாம் தடவை பெல்லி லாக்ஸ் கொஞ்சம் கேட்டு வாங்கிப் பாருங்கள். அவ்வளவு க்ரீம் சீஸ் எதற்கு என்பது அந்த உப்பைச் சாப்பிட்டால்தான் புரியும்.

மீனில் போட்டி மூன்று கடைகளுக்குள்.

ரஸ் அண்ட் டாட்டர்ஸ், கிழக்கு ஹூஸ்டன் தெருவில் இருக்கிறது. 1914இல் ஜோயல் ரஸ் தொடங்கிய கடை. கடைப் பெயர்களில் ‘அண்ட் சன்ஸ்’ என்று போடுவதுதான் வழக்கமாக இருந்த 1930களில், தன் மூன்று மகள்களைப் பங்காளிகளாக்கிக் கடைக்கு அந்தப் பெயரை வைத்தார். இப்போது நடத்துவது நான்காம் தலைமுறை. உள்ளே நுழைந்ததும் எண் சீட்டு எடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கண்ணாடிக்கு அப்பால் வேலை செய்பவரின் கையைப் பாருங்கள். நீளமான, வளைந்து கொடுக்கும் கத்தியை மீன்மேல் ஏறக்குறையப் படுத்த நிலையில் வைத்து, அழுத்தாமல், ஒரே நீள இழுப்பாக இழுப்பார். கத்தியின் நிறம் துண்டுக்குள் தெரியும். ஒவ்வொரு துண்டையும் கசங்காமல் தாளில் விரித்து, அடுத்ததை மேலே ஒட்டாதபடி வைப்பார். மெல்லியதாக அறுத்த நோவா வாயில் கரையும்; அதே மீனைத் தடியாக அறுத்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். விலையில் பெரும்பகுதி அந்தக் கைக்குத்தான். கொடுக்கலாம் என்பது என் கருத்து. இங்கே இருக்கும் நோவா வகைகளின் எண்ணிக்கையும் மற்ற இரண்டு கடைகளைவிட அதிகம். எது உப்பு, எது கொழுப்பு, எது புகை தூக்கல் என்று கேட்டால் கத்தி நுனியில் ஒரு துண்டு நீட்டுவார்கள். கடையில் உட்கார இடமில்லை. உட்கார்ந்து சாப்பிட, பக்கத்தில் ஆர்ச்சர்ட் தெருவில் 2014இல் திறந்த அவர்களுடைய கஃபே இருக்கிறது.

பார்னி கிரீன்கிராஸ் அதைவிடப் பழையது, 1908. ஹார்லெமில் தொடங்கி 1929இல் ஆம்ஸ்டர்டாம் அவென்யூவுக்கு, 86ஆம் தெரு பக்கம் வந்தது. ‘ஸ்டர்ஜன் ராஜா’ என்பது அவர்கள் பலகையிலேயே உள்ள பட்டம்; ஸ்டர்ஜன் என்பது புகையூட்டி விற்கும் இன்னொரு மீன். மங்கிப்போன சுவர்க்காகிதம், சின்ன மேசைகள், அலங்காரமில்லாத தட்டுகள். இங்கே பேகலோடு நிறுத்திக்கொண்டால் பாதிதான் சாப்பிட்டதாக அர்த்தம். முட்டையும் வதக்கிய வெங்காயமும் நோவாவும் சேர்த்துக் கிளறிக் கொடுப்பார்கள். வெங்காயம் பழுப்பாகும்வரை பொறுமையாக வதங்கியிருக்கும். அந்த இனிப்பும் மீனின் உப்பும் சேரும் இடம் அருமை. ஸ்டர்ஜனை வைத்தும் அதே பதார்த்தம் உண்டு, விலை கூடுதல். வாங்கிக்கொண்டு போக ரஸ், உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட பார்னி என்பேன். திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு பத்து மணிக்கு மேல் போனால் வாசலில் கூட்டம் நிற்கும்.

மூன்றாவது, பிராட்வேயும் 80ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் உள்ள சபார்ஸ். 1934இல் தொடங்கியது. இது முழு மளிகைக் கடை. மீன் அதில் ஒரு பகுதி. ஆனால் அந்த ஒரு பகுதியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். குடும்பத்தின் சால் சபார் பல்லாண்டுகள் புகைக்கூடங்களுக்கு நேரில் போய், ருசி பார்த்து, பிடிக்காததைத் தள்ளிவிட்டு வந்தவர். கையால் அறுக்கிற நோவாவின் தரம் ரஸ்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும், விலை பொதுவாகக் குறைவு. ஊரிலேயே குடியிருப்பவர்கள், வாரம் தவறாமல் வாங்குகிறவர்கள், வீட்டுக்குப் பத்துப் பேர் வருகிறார்கள் என்று வாங்குகிறவர்களுக்கு இதுதான் சரியான இடம். அளவு தெரியாவிட்டால், இரண்டு பேகலுக்குக் கால் பவுண்டு, அதாவது சுமார் 113 கிராம், தாராளமாகப் போதும்.

இனி பேகல். இங்கே ஒரு பழைய கதை தெரிந்தால் கடையை எடைபோடுவது சுலபம். 1960கள் வரை நியூயார்க் பேகல்களைக் கையால் உருட்டியவர்கள் ‘லோக்கல் 338’ என்ற தொழிற்சங்கத்துக்காரர்கள். சுமார் 300 பேர்தான்; தொழில் அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும். டேனியல் தாம்சன் கண்டுபிடித்த உருட்டும் இயந்திரம் வந்தது, உறைய வைத்த பேகல் நாடு முழுக்கப் போனது, சங்கத்தின் பிடி தளர்ந்தது. பேகலும் பெரிதாகி, மென்மையாகி, பன் மாதிரி ஆகிவிட்டது. கொதிநீருக்குப் பதிலாக நீராவி அடுப்பில் சுடும் கடைகளும் வந்தன.

ஆகவே வாங்கும்போது கீழ்ப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். வலைத்தட்டின் புள்ளிகள் வரிசையாகப் பதிந்திருந்தால் அது பெரும்பாலும் நீராவிப் பேகல். மேல்தோலில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருந்தால் மாவை இரவு முழுக்கக் குளிரில் வைத்துப் புளிக்க விட்டிருக்கிறார்கள். மால்ட் (முளைகட்டிய பார்லியின் சாறு) சேர்த்த நீரில் வெந்த தோலுக்கு ஒரு பளபளப்பு உண்டு. கடித்தால் தோல் மொறுக்கென்று உடைந்து, உள்ளே பல்லுக்கு வேலை இருக்க வேண்டும்.

எஸ்-அ-பேகல், 1976இல் முதல் அவென்யூவில் தொடங்கியது. கையகலத்துக்கும் பெரியது. தோல் நன்றாக இருக்கிறது, ஆனால் உள்ளே மாவு மிக அதிகம். லாக்ஸின் ருசி அதில் அமுங்கிப் போகிறது. முட்டையோ வெறும் க்ரீம் சீஸோ வைத்துச் சாப்பிட நல்லது. லாக்ஸுக்காக என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன். வேறு வழியில்லாவிட்டால், உள்மாவைக் கொஞ்சம் கிள்ளி எடுத்துவிடச் சொல்லுங்கள். கேட்டால் செய்து கொடுப்பார்கள்.

குயின்ஸ் பகுதியில் வைட்ஸ்டோனில் இருக்கும் யுடோப்பியா பேகல்ஸ், 1981இல் தொடங்கியது, என் ஓட்டு. கையால் உருட்டுகிறார்கள், பெரிய கொதிநீர்க் கலத்தில் வேகவைக்கிறார்கள். தோலும் உள்மாவும் ஒன்றையொன்று விழுங்கவில்லை. மன்ஹாட்டனிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாற வேண்டும் என்பதுதான் சிரமம். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற நம்மவர்களுக்கு அங்கிருந்து அதிக தூரமில்லை.

முன்பு கேட்டிருந்தால் பிராட்வேயில் 108ஆம் தெரு பக்கம் இருந்த ஆப்சல்யூட் பேகல்ஸைத்தான் சொல்லியிருப்பேன். தாய்லாந்திலிருந்து வந்த ஒருவர் நடத்திய கடை. யூதர்களின் தொழில் இன்னொரு நாட்டுக்காரரின் கையில் அத்தனை அசலாக நிலைத்திருந்தது பெரிய விஷயம். 2024 டிசம்பரில் மூடிவிட்டார்கள். பழைய பட்டியல்களைப் பார்த்துவிட்டு அங்கே போய் நிற்காதீர்கள்.

அடுத்தது, கிரீனிச் வில்லேஜில் உள்ள மர்ரேஸ். பேகலை டோஸ்ட் செய்யவே மாட்டோம் என்று நெடுங்காலம் பிடிவாதமாக இருந்த கடை. அந்தப் பிடிவாதம் நியாயமானது. அடுப்பிலிருந்து வந்து இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கும் பேகலை டோஸ்ட் செய்தால் தோல் காய்ந்து போகும், சூட்டில் க்ரீம் சீஸ் உருகும், நோவாவின் கொழுப்பு வழியும். பழைய பேகலுக்குத்தான் டோஸ்டர். எனவே "இப்போது எது சூடாக இருக்கிறது?" என்று கேளுங்கள். எள்ளா, கசகசாவா, எல்லாம் தூவியதா என்பதெல்லாம் அப்புறம். சைவர்களுக்கு ஒரு சேதி: சாதாரண பேகலில் பொதுவாகப் பாலும் முட்டையும் கிடையாது, எக் பேகல் மட்டும் விலக்கு.

பேகலை வெட்டாமல் முழுசாக வாங்கினால் நியூயார்க்கில் விற்பனை வரி இல்லை. வெட்டிக் கொடுத்தாலோ ஏதாவது தடவிக் கொடுத்தாலோ வரி உண்டு. வேறு கடையில் மீன் வாங்கி வீட்டில் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இதுவும் ஒரு வசதி.

மன்ஹாட்டனில் ஒரே ஒரு காலைதான் கையில் இருக்கிறது என்றால், யோசிக்காமல் ரஸ்ஸுக்குப் போங்கள். அவர்கள் இப்போது புரூக்ளினில் சொந்தமாகப் பேகலும் சுடுகிறார்கள். அது யுடோப்பியா அளவுக்கு இல்லை, ஆனால் அந்த மீனுக்கு ஈடுகொடுக்கிறது.

ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. இந்தப் பெரிய கடைகளுக்கெல்லாம் மீன் அனுப்புகிற ஆக்மி ஸ்மோக்ட் ஃபிஷ், புரூக்ளினில் கிரீன்பாயிண்ட் பகுதியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் பொதுமக்களுக்கு நேரடியாக விற்பார்கள். கடை விலையைவிட நன்றாகக் குறைவு. கையால் அறுக்கும் நேர்த்தியை அங்கே எதிர்பார்க்க முடியாது. பெரும்பாலும் பொட்டலமாகத்தான் வாங்கி வர வேண்டும். நிறையப் பேருக்கு வாங்குகிறவர்களுக்கு அது ஒரு குறையே அல்ல. போகும் முன் அன்றைக்கு விற்பனை உண்டா, எத்தனை மணி வரை என்று பார்த்துக்கொள்ளுங்கள், குளிர்ப்பையும் எடுத்துப் போங்கள். பேகலை மட்டும் முந்தின நாளே வாங்கி வைக்காமல், மீன் வாங்கித் திரும்பும் வழியில் வாங்குங்கள்.