குளிருக்கு எது தாங்கும்: ரோமமா, கொழுப்பா?

ஒகேனக்கல் பக்கம் காவிரியில் நீர்நாய் பார்த்தவர்களுக்குத் தெரியும், உடம்பெல்லாம் ரோமம். வட பசிபிக் குளிரில் வாழும் கடல் நீர்நாய்க்கும் அதே ஏற்பாடுதான்; ஆனால் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு லட்சம் முடிக்கு மேல் இருக்கும். முடிகளுக்குள் சிக்கிய காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. அதைப் பராமரிக்க நாளெல்லாம் கோதிக்கொண்டே இருக்க வேண்டும். தன் எடையில் கால்வாசி அளவுக்குத் தினமும் தின்னவும் வேண்டும்.

திமிங்கலத்தின் மூதாதையரும் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தில் திரிந்த ரோம விலங்குகள்தான். ஆழத்தில் நீரழுத்தம் காற்றை நசுக்கிவிடும், ரோமம் பயன்படாது. கொழுப்பு அப்படி நசுங்காது. தோலடிக் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தவை பிழைத்துக் குட்டி போட்டன. தலைமுறைக்குத் தலைமுறை அந்த அடுக்கு தடித்தது. எந்தத் திமிங்கலமும் விரும்பி மாறவில்லை, இதை நம் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். ஆர்க்டிக்கின் போஹெட் திமிங்கலத்துக்கு இன்று கொழுப்பு அரை மீட்டர் வரை உண்டு. இரை கிடைக்காத மாதங்களில் அதுவே சாப்பாடு.

ஆழ்கடலுக்குக் கொழுப்புதான் மேல் என்பேன். நீர்நாயின் சின்ன உடம்போ அவ்வளவு தடித்த அடுக்கைச் சுமக்காது.