3.9 விநாடி என்று சொல்லி விற்றார்கள்: ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பிரோஷரின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 3.9 என்று போட்டிருந்தது. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 3.9 விநாடி. பல வருடம் சேர்த்த பணத்தை அந்த எண்ணை நம்பித்தான் போட்டேன். பட்டியலில் இருந்த இன்னொரு வண்டிக்கு 4.4 என்று எழுதியிருந்ததால் அதை ஒதுக்கிவிட்டேன். ஜிபிஎஸ் கருவி வைத்து அளந்தபோது என் வண்டி எடுத்துக்கொண்டது 4.63 விநாடி.

முக்கால் விநாடிக்கு இவ்வளவு புலம்பலா என்று சிலர் கேட்கலாம். 100-ல் போகிற வண்டி அந்த நேரத்தில் சுமார் 20 மீட்டர் தாண்டிவிடும். அதைவிட, இந்த ரகக் கார்களில் 3.9 வண்டியும் 4.6 வண்டியும் ஒரே விலைக்கு விற்பதில்லை. நான் 3.9-க்கான விலையைக் கொடுத்தேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஆனால் ஏமாந்த விதத்தை எழுதலாம். அது எந்த நிறுவனத்து வண்டி வாங்குபவருக்கும் உதவும்.

வாங்கிய புதிதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதற்கு ஸ்பீடோமீட்டர்தான் காரணம். டேஷ்போர்டை போனில் வீடியோ எடுத்து, முள் 100-ஐத் தொடும் நேரத்தைக் கணக்கிட்டேன். 4.3 வந்தது. கொஞ்சம் பழகினால் 3.9 வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் கூட்டிக் காட்டலாம், குறைத்து மட்டும் காட்டக் கூடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி 39 அப்படித்தான் சொல்கிறது. உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை கூட்டிக் காட்ட அனுமதி உண்டு. அதாவது, முள் 100-ல் நிற்கும்போது வண்டி 88-ல் போனாலும் அது விதிக்கு உட்பட்டதுதான். என் வண்டியில் முள் 100-ஐக் காட்டியபோது ஜிபிஎஸ் 95 காட்டியது. இணையத்தில் டேஷ்போர்டு வீடியோவைப் போட்டு “கம்பெனி சொன்ன நேரம் வந்துவிட்டது” என்று எழுதுகிறார்களே, அவற்றை நம்பாதீர்கள். போடுகிறவர் நல்ல மனதோடுதான் போடுவார். கடிகாரம் சரி, முள்தான் தப்பு.

அப்புறம்தான் கருவி வாங்கினேன், ஒரு பந்தயத் தடத்தில் நேரம் பதிவு செய்துகொண்டு விடியற்காலையில் போனேன். குளிர்ந்த காற்றில் டர்போ எஞ்சின் நன்றாக இழுக்கும் என்பதால் அந்த நேரம். மேனுவலில் சொன்ன 98 ஆக்டேன் பெட்ரோல், டயரில் சொன்ன அளவு காற்று, வண்டியில் நான் ஒருவன் மட்டும். நின்ற இடத்திலிருந்து கிளம்புவதை வண்டியின் கணினியே பார்த்துக்கொள்ளும் லாஞ்ச் கண்ட்ரோல் போட்டு, இடது கால் பிரேக்கில், வலது கால் ஆக்சிலரேட்டரில் முழுக்க அழுத்தி, பிரேக்கை விட்டேன். 4.71. எஞ்சின் ஆற இடைவெளி விட்டு மறுபடி. 4.66. எதிர்த் திசையில் இன்னும் இரண்டு முறை. மிகச் சிறந்தது 4.63.

கருவியின் திரையில் “1 அடி” என்று ஒரு தேர்வு இருந்தது. என்னவென்று பார்ப்போமே என்று அதைத் தொட்டேன். அதே ஓட்டம், அதே பதிவு, எண் மட்டும் 4.36 ஆகிவிட்டது. வண்டி ஒரு அங்குலம்கூட நகரவில்லை, கால் விநாடிக்கு மேல் காணாமல் போய்விட்டது. அந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது.

அந்த ஒரு அடி, நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் கிளம்பி ஓடும் டிராக் (drag) பந்தயத்திலிருந்து வந்தது. அங்கே தொடக்கக் கோட்டில் முன் சக்கரம் ஒளிக்கற்றையை மறைத்தபடி நிற்கும். சக்கரம் நகர்ந்து கற்றையை விட்டு விலகும்போதுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அதற்குள் வண்டி சுமார் ஒரு அடி, அதாவது 30 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். கடிகாரம் தொடங்கும்போதே வண்டி மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். பந்தயத்தில் எல்லோருக்கும் அதே விதி என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. விற்பனை எண்ணில் அதைக் கழித்துவிட்டு “0 முதல் 100” என்று எழுதினால் அந்த 0 பொய். 2021-ல் டெஸ்லா தன் மாடல் எஸ் பிளெய்ட் காருக்கு 60 மைல் வேகத்தை எட்ட 1.99 விநாடி என்று அறிவித்தது இந்த முறையில்தான். முதல் அடி கழிக்கப்பட்டது என்று சிறிய எழுத்தில் அவர்களே குறிப்பிட்டிருந்தார்கள்.

60 மைல் என்பதிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அது 100 கிலோமீட்டர் அல்ல, 96.6 கிலோமீட்டர். என் வண்டி போன்றவற்றில் மிச்சமிருக்கும் 3.4 கிலோமீட்டருக்கு இன்னும் சுமார் 0.2 விநாடி ஆகும். நடுவில் ஒரு கியர் மாற்ற வேண்டியிருந்தால் இன்னும் கூடும். இரண்டையும் ஒன்றுபோல ஒப்பிட்டு எழுதும் விமர்சனங்கள் நிறைய இருக்கின்றன.

சரி, ஷோரூமுக்கு வருகிறேன். பதிவுகளை அச்செடுத்து எடுத்துக்கொண்டு போனேன். விற்பனை மேலாளர் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “சார், கம்பெனி டெஸ்ட் டிரைவருக்கு வருவது நமக்கு வராது சார். பழகப் பழக வரும்” என்றார். லாஞ்ச் கண்ட்ரோலில் ஓட்டுநருக்கு என்ன வேலை? பிரேக்கை விடுவது ஒன்றுதான். அதைச் சொன்னதும் எஞ்சின் இன்னும் நன்றாகப் பழகவில்லை என்றார். பழகுவதற்கு மேனுவல் சொன்ன தூரத்தைப் போல மூன்று மடங்கு ஓடிய வண்டி அது. கடைசியில் சர்வீஸ் பிரிவில் வண்டியை ஒரு நாள் வைத்துக்கொண்டு, லேப்டாப் மாட்டிப் பார்த்துவிட்டு, “எந்தக் கோளாறும் இல்லை” என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாள்தான் இன்று எனக்கு மிகப் பெரிய சாட்சி. கோளாறே இல்லாத வண்டிதான் 4.63-ல் போகிறது என்று அவர்களே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து டெஸ்ட் டிரைவ் அன்று எடுத்த போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வண்டி பக்கத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிற படம். பின் சக்கரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டயரின் பக்கச்சுவரில் இருந்த பெயர் என் வண்டியின் டயரில் இல்லை. அதன் மேற்பரப்பில் பள்ளங்களும் மிகக் குறைவு, ஏறக்குறைய வழுக்கையாக இருந்தது. பந்தயத் தடத்துக்கென்று செய்யப்படும் மென்மையான ரப்பர் டயர் அது. கூடுதல் பணம் கட்டி வாங்க வேண்டிய தொகுப்பில் வருவது. இலேசான சக்கரங்களும் இலேசான இருக்கைகளும் அதே தொகுப்பில்தான். அன்று யாரும் இதைச் சொல்லவில்லை. “இந்த 3.9 எல்லா வேரியன்ட்டுக்குமா?” என்று நான் கேட்டதும், “ஆமாம் சார், எஞ்சின் ஒன்றுதானே” என்று அவர் பதில் சொன்னதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எஞ்சின் ஒன்றுதான். ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது எஞ்சினின் சக்தி முழுவதும் தரைக்குப் போவதில்லை. டயர் பிடிக்கும் அளவுதான் போகும், மிச்சம் வழுக்கலில் வீணாகும். அதற்குப் பிறகு நிறுவனத்தின் இணையதளத்தில் தொழில்நுட்ப விவரக் கோப்பைத் தேடி எடுத்தேன். கடைசிப் பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில், 3.9 என்பது அந்தத் தொகுப்புடன், முதல் அடியைக் கழித்து எடுத்த நேரம் என்று இருந்தது. என் கையில் கொடுத்த பிரோஷரில் அந்த வரி இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறிகூட இல்லை. ஷோரூமில் கண்ட்ரோல் இல்லாமல் பேசுவது ஒரு பக்கம், அச்சில் இருக்க வேண்டிய நிபந்தனையை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் அச்சடிப்பது வேறு. இரண்டாவதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் குதிரைத்திறனை வெறும் எஞ்சினை மேசையில் வைத்து அளந்தன. வண்டியில் இருக்கிற சைலன்சர், ஏர் ஃபில்டர், விசிறி எதுவும் இருக்காது. 1972-ல் எல்லாவற்றையும் பொருத்தி அளக்கும் முறைக்கு மாறினார்கள். கார்வெட்டின் எல்டி-1 எஞ்சின் 1971-ல் 330 குதிரைத்திறன், அடுத்த வருடம் 255. இந்தச் சரிவில் பெரும்பகுதி அளக்கும் முறை மாறியதால் வந்தது. 1992-ல் ஜாகுவார் எக்ஸ்ஜே220 மணிக்கு 217 மைல் தொட்டது என்பார்கள். அந்த ஓட்டத்துக்கு, புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றிகளைக் கழற்றிவிட்டு, எஞ்சின் சுழற்சி வரம்பையும் உயர்த்தியிருந்தார்கள். 2019-ல் புகாட்டி சிரோன் 490 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியது உண்மை. ஆனால் ஒரே திசையில், விற்பனைக்கு முந்தைய மாதிரி வண்டியில். வாங்கியவர்களுக்குக் கொடுத்த வண்டி 440-ல் கட்டுப்படுத்தப்பட்டது. எஸ்எஸ்சி நிறுவனம் தன் டுவாட்டாரா கார் 500 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதாக 2020-ல் அறிவித்தது. வீடியோவை வைத்து ரசிகர்கள் தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் போட்டுக் கேள்வி கேட்டார்கள். அந்த வேகம் எட்டப்படவில்லை என்று 2021-ல் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

தப்பை ஏற்றுக்கொண்டு சரிசெய்தவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். 1999 ஃபோர்டு மஸ்டாங் கோப்ரா சொன்ன 320 குதிரைத்திறனைத் தரவில்லை என்று வாங்கியவர்கள் டைனோ என்ற சக்தி அளக்கும் கருவியில் ஏற்றிக் காட்டினார்கள். ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, பாகங்களை மாற்றிக் கொடுத்தது. 2001 மியாட்டாவுக்கு அமெரிக்காவில் 155 என்று அறிவித்த மாஸ்டா, அது 142-தான் என்று திருத்தி, விரும்பியவர்களிடம் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முன்வந்தது. போர்ஷே நிலைமை நேர்மாறு. அவர்கள் சொல்லும் நேரத்தைவிடக் குறைவான நேரத்தைப் பத்திரிகைகள் பல முறை அளந்திருக்கின்றன. ஆக, நேர்மையான எண்ணைப் போட்டு வண்டி விற்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சலில் கேட்டால் போதும். இந்த நேரம் எந்த டயரில் எடுத்தது, முதல் அடியைக் கழித்ததா, 60 மைலா 100 கிலோமீட்டரா, நான் வாங்கும் வேரியன்ட்டுக்கும் இதே எண்தானா. எடையைப் பற்றியும் கேளுங்கள். பெட்ரோல், ஆயில், தண்ணீர் எதுவும் இல்லாத எடையைப் போட்டுவிட்டு “இவ்வளவு இலேசான கார்” என்று விற்கும் நிறுவனங்கள் உண்டு. குதிரைத்திறனில் பிஎஸ் என்று போட்டிருக்கிறதா, எச்பி என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பிஎஸ் கணக்கில் எண் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், 500 எச்பி என்பது 507 பிஎஸ்.

என்னைக் கேட்டால், 0 முதல் 100 நேரத்தைவிட 100 முதல் 200 நேரத்தைத் தேடிப் பாருங்கள். வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் அங்கே டயர் வித்தை அவ்வளவாக எடுபடாது, கழிக்க முதல் அடியும் இல்லை. எஞ்சினுக்கு உண்மையில் எவ்வளவு பலம், வண்டிக்கு எவ்வளவு எடை என்பது அங்கே தெரிந்துவிடும். நான் ஒதுக்கிய அந்த 4.4 வண்டியின் 100–200 நேரத்தை ஒரு பத்திரிகைச் சோதனையில் பிறகு பார்த்தேன். என் வண்டியைவிடக் குறைவு. வாங்குவதற்கு முன் பார்த்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

போன வாரம் ஷோரூமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த டயர்களைப் பாதி விலைக்குப் பொருத்தித் தருகிறார்களாம். கீழே, “இந்த வாகனத்தின் செயல்திறன் குறித்து எனக்கு வேறு குறை எதுவும் இல்லை” என்று ஒரு வரியும் கையெழுத்துக்கு இடமும் இருந்தன. நான் கையெழுத்துப் போடவில்லை. 3.9-ஐ நிபந்தனையோடு மறுபடி அச்சடித்த பிரோஷர் ஒன்றை எனக்கு அனுப்புங்கள், அதற்குப் பிறகு டயரைப் பற்றிப் பேசலாம் என்று பதில் எழுதியிருக்கிறேன்.