மாட்டு ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கேட்டால், முதலில் ஸ்லைடைக் கேளுங்கள்

கறவை மாடு வைத்திருப்பவர்கள், அதிலும் கலப்பின மாடு வைத்திருப்பவர்கள், இதைக் கட்டாயம் படியுங்கள். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து, உண்ணிக் காய்ச்சல் உண்டா இல்லையா என்று மறுநாளே சொல்வதாக எங்கள் பகுதியில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடம் விளம்பரம் செய்கிறது. அவர்களால் ஒரு நல்ல மாட்டை இழந்துவிட்டோம்.

கன்று ஈன்று ஒரு மாதம்கூட ஆகாத ஜெர்சி கலப்பினம். தீவனத்தில் வாய் வைக்கவில்லை, பால் பாதியாக இறங்கிவிட்டது, காய்ச்சல் 106 டிகிரி. தோளுக்கு முன்னால் நெறி (நிணநீர்ச் சுரப்பி) எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருந்தது. காதிலும் மடியடியிலும் உண்ணி. வந்த ஆளிடம் அத்தனையையும் காட்டினேன். அவர் நெறியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்து, பழைய மருந்துக் குப்பி ஒன்றில் ஊற்றி, பைக் பையில் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் கிளம்பினார். ரத்தம் உறையாமல் காக்கும் ஊதா மூடிக் குழாய் அவரிடம் இல்லவே இல்லை.

மறுநாள் அறிக்கை வந்தது. உண்ணி பரப்பும் கிருமிகளான தைலேரியா இல்லை, பேபிசியா இல்லை, அனாபிளாஸ்மா இல்லை. முத்திரையும் கையெழுத்தும் கச்சிதமாக இருந்தன. சாதாரணக் காய்ச்சல்தான் என்று அவர்களே ஊசியும் போட்டார்கள். மாட்டைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நாட்கள் அதிலேயே போய்விட்டன.

மூச்சு வாங்கத் தொடங்கியதும் அரசுக் கால்நடை மருத்துவரை வரவழைத்தோம். இமையை விலக்கிக் காட்டினார். சிவப்பே இல்லை, வெளிறிப் போயிருந்தது. காது நரம்பில் குத்தி, வந்த சொட்டை அங்கேயே ஸ்லைடு என்னும் சிறு கண்ணாடித் துண்டில் மெல்லியதாக இழுத்தார். புடைத்த நெறியில் ஊசி நுழைத்து நீர் எடுத்து இன்னொரு ஸ்லைடும் போட்டார். இரண்டிலுமே தைலேரியா. பியூபார்வாகுவோன் ஊசி போட்டும் மாடு தேறவில்லை.

பிறகு அந்தக் கூடத்துக்குப் போய் ஸ்லைடைக் கேட்டேன். வெகுநேரம் வாக்குவாதம் செய்த பிறகே கொடுத்தார்கள். நடுவில் கெட்டியாக ஒரு ரத்தத் திட்டு. சாயம் ஏற்றிய அடையாளமே இல்லை. மருத்துவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் இதில் எந்த ஒட்டுண்ணியையும் பார்க்க முடியாது என்றார். ஓரணுக் கனத்தில் பரவியிருக்க வேண்டும், ஜீம்சா சாயம் ஏற்ற வேண்டும். அப்போதுதான் சிவப்பணுவுக்குள் இருப்பது தெரியும். தைலேரியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொடக்கத்தில் அது வெள்ளணுக்களிலும் நெறியிலும்தான் பெருகும். ரத்தத்தில் தென்படாமலே போகலாம். நெறி புடைத்திருக்கும்போது வெறும் ரத்தத்தை மட்டும் பார்த்து 'இல்லை' என்று எழுதிக் கொடுப்பதை நான் மோசடி என்றே சொல்வேன்.

எந்தக் கிருமி என்று தெரியாமல் மருந்து போடவும் முடியாது. தைலேரியாவுக்குப் பியூபார்வாகுவோன், பேபிசியாவுக்கு டிமினசீன், அனாபிளாஸ்மாவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின். சிறுநீர் காபி நிறத்தில் போனால் பேபிசியாவைச் சந்தேகிக்க வேண்டும். மருந்து போடுவதற்கு முன்பே ஸ்லைடு எடுத்துவிட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

அதே கொட்டகையில் அடுத்த மாட்டுக்குக் காய்ச்சல் கண்டதும் அன்றைக்கே முறையாக ஸ்லைடு எடுத்தோம். அதுவும் தைலேரியாதான். ஊசி உடனே போட்டதால் பிழைத்துக்கொண்டது, இப்போது பழையபடி கறக்கிறது. முதல் மாட்டுக்கும் இந்த வாய்ப்பு இருந்தது என்று நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

கட்டிய பணத்தை அவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை. கால்நடை பராமரிப்புத் துறையில் எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறேன். ஸ்லைடும் அறிக்கையும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இவர்களிடம் இப்படி ஏமாந்தவர்கள் அறிக்கையைத் தூக்கிப் போடாமல் நீங்களும் புகார் கொடுங்கள். மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் அரசு மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 எண்ணை அழையுங்கள்.