சிறுநீரக இரத்தக்குழாய் ஒடுங்கினால் குளிசையா, ஸ்டென்டா?

மூன்று வகைக் குளிசை போட்டும் பிரஷர் இறங்காதவருக்கு ஸ்கேன் எடுத்தால், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக்குழாய் ஒடுங்கியிருப்பது சில வேளை தெரியவரும். அப்படி ஒடுங்கிய குழாயை விரித்துப் பிடிக்க உள்ளே வைக்கும் சிறு வலைக்குழாய்தான் ஸ்டென்ட். "கொழும்புக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைப்பமா?" என்ற பேச்சு உடனே வீட்டில் எழும். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருக்கிற குடும்பத்துக்கு அது பயணம், தங்குமிடம், ஈடு வைக்கும் நகை என்று நீளும்.

இரத்தம் குறைவாக வந்தால் சிறுநீரகம் பிரஷரை ஏற்றும் ரெனின் என்ற பொருளைச் சுரக்கும். அதனால் உடம்பெங்கும் குழாய்கள் இறுகி, உப்பும் நீரும் தேங்கி, பிரஷர் ஏறும். அப்படியானால் அடைப்பைத் திறந்தால் சரிதானே? கொழுப்புப் படிந்து ஒடுங்கியவர்களிடம் இந்தக் கணக்குப் பெரும்பாலும் பலிக்கவில்லை. 2009இல் ஆஸ்ட்ரல், 2014இல் கோரல் என இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. குளிசை மட்டும் போட்டவர்களோடு ஒப்பிட்டால், குளிசையோடு ஸ்டென்டும் வைத்தவர்களுக்கு மாரடைப்போ சிறுநீரகப் பழுதோ குறிப்பிடும்படி குறையவில்லை. கோரலில் பிரஷரின் மேல் எண் சுமார் 2 மட்டுமே கூடுதலாக இறங்கியது. ஸ்டென்ட் வைக்கும்போது குழாய் கிழியலாம், குழாயைப் படத்தில் பார்க்க ஏற்றும் சாயமருந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம்.

ஆகவே வயதானவர்களுக்கு என் தெரிவு முதலில் குளிசைதான். எனலாப்ரில், லோசார்டன் போன்றவை ரெனின் கிளப்பிவிடும் வேலையையே தடுக்கின்றன. அரச கிளினிக்கில் இலவசம். ஆனால் இரண்டு பக்கமும் ஒடுங்கியிருந்தால், அல்லது ஒரு சிறுநீரகமே வேலை செய்தால், இவற்றால் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) இரத்தத்தில் சடாரென்று ஏறலாம். தொடங்கி ஓரிரு வாரத்தில் இரத்தம் சோதிப்பதை விட்டுவிடாதீர்கள். கிரியேட்டினின் 30 சதவீதத்துக்கு மேல் கூடினால் டொக்டரிடம் காட்ட வேண்டும். வயல் வேலை முடிந்து மூட்டு வலிக்குப் பாமசியில் டைக்ளோபினாக் வாங்கிப் போடுகிற பழக்கம் இவர்களுக்கு ஆகவே ஆகாது. வயிற்றோட்டம், வாந்தி வந்தால், குளிசையைத் தற்காலிகமாக நிறுத்துவதா என்று டொக்டரிடம் கேளுங்கள். கொழுப்புக் குளிசையும் புகையை விடுவதும் இதே சிகிச்சையின் பகுதி.

ஸ்டென்டுக்கும் இடமுண்டு. நுரையீரலில் திடீர் திடீரென்று நீர் கோத்து மூச்சு முட்டுகிறவர்கள், முழு அளவில் குளிசை போட்டும் பிரஷர் அடங்காதவர்கள், இரு பக்க ஒடுக்கத்தால் சிறுநீரகம் வேகமாகப் பழுதாகிறவர்கள் தாமதிக்கக் கூடாது.

இளம் பெண்களின் கதை வேறு. கொழுப்பே இல்லாமல், குழாயின் சுவரே முறையற்று வளர்ந்து ஒடுங்குகிற நோய் அவர்களில்தான் கூடுதல். அங்கே பலூனால் விரித்துவிட்டாலே போதும், ஸ்டென்ட் பெரும்பாலும் தேவைப்படாது. சிலருக்குக் குளிசையே வேண்டாமலும் போகும். முப்பது வயதில் பிரஷர் என்றால் "யோசனை கூடிப்போச்சு" என்று விட்டுவிடாமல், சிறுநீரகக் குழாயைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.