பண்டர், ஜென்னிங்ஸ், மோல்ஸ்வொர்த்: யாரை முதலில் எடுப்பது?

ஆங்கிலேய விடுதிப் பள்ளிக் கதைகளில் வரும் வால்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பில்லி பண்டர், ஜென்னிங்ஸ், மோல்ஸ்வொர்த் என்ற மூன்று பெயர்கள் கண்டிப்பாக வந்துவிடும். மூவரையும் ஒரே அலமாரியில் அடுக்குவது வழக்கம். ஆனால் ஒருவன் மலிவு விலை வார இதழில் பிறந்தவன், இன்னொருவன் வானொலியில், மூன்றாமவன் நகைச்சுவைப் பத்திரிகையில். சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பது பெரும்பாலும் அதிலேயே முடிவாகிவிட்டது.

மூத்தவன் பண்டர். கென்ட் பகுதியில் கிரேஃப்ரையர்ஸ் என்றொரு கற்பனைப் பள்ளி. அதன் கதைகள் 1908 முதல் 1940 வரை 'தி மேக்னட்' இதழில் வாராவாரம் வந்தன. பெரும்பகுதியை எழுதியவர் பிராங்க் ரிச்சர்ட்ஸ் என்ற புனைபெயரில் சார்லஸ் ஹாமில்டன். இத்தனை காலம் ஒரே ஆள் எழுதியிருக்க வாய்ப்பில்லை என்று எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1940-இல் ஒரு கட்டுரையில் சொல்லப்போக, அந்தக் கட்டுரை வந்த பத்திரிகையிலேயே ஹாமில்டன் பதில் எழுதி, "நான்தான் அந்த ஆள்" என்று வந்து நின்றார்.

வார இதழ் என்றால் புது வாசகன் எந்த வாரமும் உள்ளே நுழையலாம். அதனால் எந்த வாரமும் எதுவும் மாறக் கூடாது. பண்டருக்கு வரவேண்டிய போஸ்டல் ஆர்டர் வரவே வராது. அதைக் காட்டிக் கடன் கேட்பான், அடுத்தவன் கேக்கைத் தின்பான், ஆசிரியர் குவெல்ச்சின் பிரம்புக்கு ஆளாவான். முதல் கதையில் விழுந்து விழுந்து சிரிக்கலாம். வரிசையாகப் படித்தால் அலுப்புத் தட்டும். குண்டாக இருப்பதையே கேலியாக்குவது இன்று நெருடவும் செய்கிறது. ஹரீ ஜாம்செட் ராம் சிங் என்ற இந்தியப் பையனின் நிலையும் விசித்திரம்: நாயகர்கள் ஐவரில் சரிசமமான ஒருவன் அவன், அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் அவன் பேசும் ஆங்கிலத்தை மட்டும் கோமாளித்தனமாக்கி வைத்திருக்கிறார் ஹாமில்டன்.

ஜென்னிங்ஸ் வேறு ரகம். அந்தோணி பக்கரிட்ஜ் பள்ளி ஆசிரியர், பையன்களுக்குக் கதை சொல்லிப் பழகியவர். 1948-இல் பிபிசியின் சிறுவர் நேரத்தில் நாடகமாக ஒலிபரப்பாகி, 1950-இல்தான் புத்தகமானான் ஜென்னிங்ஸ். லின்பரி கோர்ட் பள்ளியில் படிக்கும் இவனிடம் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதுதான் ஆபத்தே. முதல் புத்தகத்தில் ஒரு தீயணைப்புப் பயிற்சி வருகிறது. நெருப்பு இல்லை, சும்மா ஒத்திகை. பயிற்சி நிஜம்போல இருக்க வேண்டாமா என்று யோசிக்கிறான் ஜென்னிங்ஸ்; தீயணைப்பு நிலையத்துக்கே போன் போய்விடுகிறது, வண்டியும் வந்துவிடுகிறது. அவன் பக்கம் நின்று பார்த்தால் தப்பே தெரியாது. ஒவ்வொரு படியும் நியாயமாகத்தான் இருக்கும், கடைசியில் பள்ளியே தலைகீழாகக் கிடக்கும். கூடவே நண்பன் டார்பிஷயர், எதற்கும் அப்பாவின் பொன்மொழி ஒன்றை அவிழ்த்துவிடும் பாதிரியார் மகன்.

இங்கே வில்லன் கிடையாது. ஆசிரியர் வில்கின்ஸுக்குக் கோபம் வந்தால் வார்த்தை வராது, தொண்டையிலிருந்து ஒரு வெடிச்சத்தம்தான் வரும். ஆனால் மனிதர் உள்ளுக்குள் தங்கம். அவர் பாத்திரம் முழுக்க முழுக்க காதுக்காகச் செய்யப்பட்டது. ஒருவர் ஒன்றைச் சொல்ல, மற்றவர் வேறொன்றாக எடுத்துக்கொள்ள, இருவருமே கடைசிவரை தாங்கள் சொல்வதுதான் சரி என்று நிற்கும் உரையாடல்களைப் பக்கக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவார் பக்கரிட்ஜ். குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து உரக்கப் படிக்க இதைவிடத் தோதான தொடர் எனக்குத் தெரியாது. நார்வேயில் இவனுக்கு ஸ்டொம்பா என்று பெயர் வைத்து, ஊரையும் நார்வேயாக்கித் திரைப்படமே எடுத்தார்கள். விடுதிப் பள்ளி வாசனையே இல்லாத வீட்டிலும் கதை எடுபடும் என்பதற்கு அது போதும்.

மோல்ஸ்வொர்த்தை அப்படி உரக்கப் படிக்க முடியாது. ஜெஃப்ரி வில்லன்ஸ் 'பஞ்ச்' பத்திரிகையில் 1939-இல் தொடங்கிவைத்த இந்தப் பையன் தன் கதையைத் தானே எழுதுகிறான், எழுத்துப்பிழைகளோடு. 1953-இல் வந்த முதல் புத்தகத்தின் தலைப்பிலேயே பள்ளிக்கூடத்துக்கான ஆங்கிலச் சொல் 'Skool' என்று தப்பாக இருக்கிறது! அந்தப் பிழை கண்ணுக்குத்தான் தெரியும், வாய்விட்டுப் படித்தால் காணாமல் போய்விடும். பாதிச் சிரிப்பு ரொனால்ட் சேர்லின் படங்களில் இருக்கிறது. லத்தீன் இலக்கணத்தில் பையன்களைப் படுத்தும் ஜெரண்ட் என்ற தொழிற்பெயரை ஒரு விலங்காகவே வரைந்து, பாவப்பட்ட பிரதிப்பெயர்கள் மேல் பாயவிட்டிருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாகி சாங்கி சிறையிலும் சயாம் ரயில் பாதையிலும் கிடந்தவர் அவர். மோல்ஸ்வொர்த் படிக்கும் செயின்ட் கஸ்டர்ட்ஸ் பள்ளியின் இருட்டு மூலைகளும் பூதாகாரமான ஆசிரியர்களும் அதற்குப் பிறகுதான் வரையப்பட்டன.

இங்கே சிரிப்பு பள்ளிக்கூடம் என்ற ஏற்பாட்டின் மேலேயே விழுகிறது. ஹெட்மாஸ்டர் கிரைம்ஸ் உட்பட யாரும் தப்புவதில்லை. எட்டு வயதுப் பிள்ளை, அதுவும் எழுத்துக்கூட்டப் பழகும் பிள்ளை, இதைப் படித்தால் பிழைதான் கற்றுக்கொள்ளும். பதின்மூன்றுக்கு மேல் சரி. நாற்பதுக்கு மேல் இன்னும் சரி.

வீட்டில் சின்னவர்கள் இருந்தால் ஜென்னிங்ஸைத்தான் வாங்குவேன். பண்டர் எங்காவது இரவலாகக் கிடைத்தால் ஒன்றே ஒன்று போதும். மோல்ஸ்வொர்த்தில் மொத்தமே நான்கு புத்தகங்கள்; வில்லன்ஸ் 1958-இல் இறந்தார், கடைசிப் புத்தகம் மறு ஆண்டு வந்தது. முதல் இரண்டில்தான் உயிர் இருக்கிறது. படங்கள் பெரிதாக அச்சான பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், மின்னூல் வேண்டாம்.